தமாலே மலிவு என்று எழுதியவள்

போன மாதம் பிரியா போன் செய்தாள். துபாய் தேராவில் என் பழைய ஆஃபீஸில், நான் இருந்த அதே பர்சனல் செக்ஷனில் இப்போது வேலை பார்ப்பவள். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக் கிளைகளில் இருப்பவர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் தரும் ஊர்ப்படி எவ்வளவு என்று புதிதாக நிர்ணயிக்கிறார்களாம்.

"இப்பல்லாம் வெப்சைட்லயே வந்துருதுக்கா. ரெண்டு ஊர் பேரை அடிச்சா எது மலிவுன்னு சொல்லிடுது. ஆனா நம்ம ரூல்ஸ்ல, தமாலேக்கு மட்டும் அந்த ஊர்ல குடியிருக்கிற ரெண்டு பேர்கிட்ட விசாரிக்காம படி போடக்கூடாதுன்னு ஒரு வரி இருக்கு. அதை எடுத்துடலாமான்னு கேக்குறாங்க. ஏன்க்கா அப்படி ஒரு வரி?"

எடுக்க வேண்டாம் என்றேன். காரணத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். அந்த வரி வந்ததற்குக் காரணம் நான். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் காரணம் அல்ல.

நான் தூத்துக்குடிக்காரி. டைப்பிஸ்டாகத்தான் துபாய்க்கு வந்தேன். கணவருக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன் வேலை. கராமாவில் ஒரு பழைய கட்டடத்தில் குடியிருந்தோம். ஃப்ரீசரும் குளிர்சாதனக் கிடங்குச் சாமானும் ஜெனரேட்டரும் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் கம்பெனி எங்களுடையது. சில வருடம் கடிதம் அடித்தேன். இரண்டாயிரம் பிறந்ததும் என்னை பர்சனல் செக்ஷனுக்கு மாற்றினார்கள். என் வேலைக்காலத்தில் சொல்லத் தக்கது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அங்கே மேனேஜர் ஹமீது சார். கீழக்கரைக்காரர். சத்தம் போட மாட்டார். ஒரு ஷீட்டைக் கொண்டுபோய் வைத்தால் பென்சிலை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே வாசிப்பார். சந்தேகம் வரும் வரிசையில் பென்சிலைக் குறுக்கே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். என்ன சந்தேகம் என்று சொல்ல மாட்டார். நாமாகக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: எந்தக் கடை, எவ்வளவு எடை, இதை யார் வாங்குகிறார்கள்.

முதலில் எனக்குக் கிடைத்தது துபாய், ஷார்ஜா, அஜ்மான் மூன்றையும் ஒப்பிடும் வேலை. துபாயில் வாடகை ஏறிக்கொண்டே போன வருடங்கள் அவை. ஆட்கள் ஷார்ஜாவுக்கும் அஜ்மானுக்கும் குடி மாறிக்கொண்டிருந்தார்கள். அஜ்மானுக்கு வாடகைப்படியைக் குறைக்கலாம் என்று ஷீட் போட்டேன். ஹமீது சார் வாடகை வரிசையில் பென்சிலை வைத்தார். எனக்குப் புரியவில்லை. கடைசியில் அவரே சொன்னார். "நம்ம ஸ்டோர் கீப்பர் அஜ்மான்லேர்ந்து எத்தனை மணிக்குக் கெளம்புறான்னு கேளு. ரோட்டுல போற நேரத்தையும் இந்த வரிசையிலேயே எழுது." கேட்டேன். போக இரண்டு மணி நேரம், வர இரண்டரை. எழுதினேன். படி குறையவில்லை.

அதற்குச் சில வருடம் கழித்துக் கானாவில் மூன்று கிளைகள் திறந்தார்கள். தலைநகர் அக்ரா, கடற்கரையில். நடுவில் குமாசி. வடக்கே, துறைமுகத்திலிருந்து ஒரு முழு நாள் லாரி ஓடினால் வரும் தமாலே. இங்கிருந்து ஆட்களை அனுப்ப வேண்டும். சம்பளம் வழக்கம்போல துபாயில். அங்கே வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் ஊர்ப்படி தனி. எந்த ஊருக்கு எவ்வளவு என்று ஷீட் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கானாவுக்குப் போகாமலே விலை விசாரிக்கத் தேரா போல் ஒரு இடம் கிடையாது. நைஃப் ரோட்டுச் சின்ன ஹோட்டல்களில் அந்த நாட்டு வியாபாரப் பெண்கள் தங்குவார்கள். துணி, செருப்பு, செல்போன் என்று வாங்கிக் கார்கோவில் போடுவார்கள். எங்களிடம் ஃப்ரீசர் வாங்க வந்தவர் அஃபுவா என்ற குமாசிக்காரர். ஐம்பது வயது இருக்கும். நான் கிலோ விலை கேட்டதும் சிரித்தார். "எங்க மார்க்கெட்டில் கிலோ கிடையாது. ஒலோங்கா" என்றார். நம் படி மாதிரி, அங்கே தானியம் அளக்கும் தகர டின். அடுத்த முறை வரும்போது பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு டின்னை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கராமாவில் என் சமையலறையில் அதில் அரிசியைக் குவித்து அளந்து, தராசில் போட்டு, மறுபடி தலைதட்டி அளந்து, மறுபடி தராசில் போட்டேன். குவித்து அளப்பதா தலைதட்டி அளப்பதா என்று அஃபுவாவைக் கேட்டேன். "வாங்குறவ சண்டை போடுறவளா இருந்தா குவிச்சு" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

இப்படி அக்ராவும் குமாசியும் முடிந்தன. ஷீட்டில் ஊருக்கு ஒரு பத்தி; ஒவ்வொரு பத்தியின் அடியிலும் 'யாரிடம் கேட்டது' என்று ஒரு கட்டம் உண்டு. ஹமீது சார் ஏற்படுத்தியது. தமாலேக்கு ஆள் கிடைக்கவில்லை. அஃபுவாவிடம் கேட்டேன். "வடக்கா? மலிவு. கிழங்கு, கடலை, தக்காளி எல்லாம் அங்கேயிருந்துதான் எங்களுக்கு வருது" என்றார். அவர் தமாலேயில் வாழ்ந்தவர் இல்லை. ஒன்றிரண்டு முறை போய் வந்தவர். எனக்குத் தெரியும். ஆனால் ஆட்களுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. வார விடுமுறைக்கு முன் ஷீட் மேலே போக வேண்டும். சின்ன ஊர் பெரிய ஊரைவிட மலிவாகத்தானே இருக்கும் என்று குமாசி விலையிலிருந்து வரிசைக்கு வரிசை கொஞ்சம் குறைத்துத் தமாலேக்கு எழுதினேன். கடைசிக் கட்டத்தில் 'மார்க்கெட் வியாபாரி' என்று போட்டேன்.

ஹமீது சார் அந்தப் பத்தியின் மேல் பென்சிலை வைத்தார். "தமாலேல கேட்டாச்சா?"

"கேட்டாச்சு சார்."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் நினைக்கும் அளவுக்கு அதற்கு முன் வேலை பார்த்திருந்தேன். அந்த நம்பிக்கையைத்தான் அன்று செலவு செய்தேன்.

தமாலேக்குப் போனவர் முருகேசன். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், ஃப்ரிட்ஜ் மெக்கானிக். துபாயில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் ஆறு வருடம் இருந்தவர். புகார் சொல்லாத ஆள் என்று பெயர். தனியாக ஒரு கிளையைப் பார்த்துக்கொள்வார் என்று தேர்ந்தெடுத்தார்கள்.

ஆறாவது மாதம் அக்ராவிலிருந்து ஒரு ஃபாக்ஸ் வந்தது. அங்கிருந்த ரீஜனல் மேனேஜர் அனுப்பியது. முருகேசன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வொர்க்‌ஷாப்பில் படுக்கிறான். செப்புக் குழாய் பற்றவைக்க வைத்திருக்கும் கம்பெனி கேஸில் சோறு பொங்குகிறான். படியை மிச்சம் பிடிக்கவே இப்படிச் செய்கிறான். விசாவை கேன்சல் செய்து நேரே ஊருக்கு அனுப்பலாம். ஆதாரமாக என் ஷீட்டையே இணைத்திருந்தார். தமாலே பத்தியின் கீழே கோடு போட்டு, 'மூன்று ஊரில் மிக மலிவானது' என்று எழுதியிருந்தார்.

அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் இருந்தால் முருகேசன் ஊருக்குப் போவார், ஷீட் அப்படியே இருக்கும். ஃபாக்ஸை எடுத்துக்கொண்டு ஹமீது சார் அறைக்குப் போனேன்.

"சார், தமாலேக்கு நான் யாரையும் கேக்கல. குமாசியில இருந்து கொறச்சுப் போட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டாச்சுன்னு சொன்னியேம்மா."

"பொய் சொன்னேன் சார்."

"கையெழுத்து என்னுது" என்றார். "அடுத்த வாரம் ஜி.எம். இதை முடிவு பண்ணுவார். அதுக்குள்ள சரியான வெலை என்னன்னு வேணும். அழுறதுன்னா அப்புறம் அழு. முதல்ல அவனுக்குப் போன் போடு."

லைன் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் யார் என்று சொன்னதும் முருகேசன் முதலில் பயந்துவிட்டார். வீட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"தண்ணிதான் மேடம். வீட்டுல கொழா இருக்கு, தண்ணி வராது. வண்டிக்காரன்கிட்ட டிரம் கணக்குல வாங்கணும். மழை நின்னு தூசிக்காத்து அடிக்க ஆரம்பிச்சுட்டா அவன் சொன்னதுதான் வெலை. வொர்க்‌ஷாப்புல தொட்டி இருக்கு, அங்கிட்டு வந்துட்டேன்."

என் ஷீட்டில் தண்ணீருக்கு வரிசையே கிடையாது. அக்ராவிலும் குமாசியிலும் எடுத்த வீடுகளில் குழாயில் வந்தது. நான் யோசிக்கவே இல்லை.

"கேஸ்?"

"அது தெக்க இருந்து லாரியில வரணும். வந்தா உண்டு, இல்லாட்டி கரிதான்."

"அரிசி, எண்ணெய், பால் டின் எல்லாம் குமாசியை விடக் கொறச்சல்னு நெனச்சோம்."

"குமாசியைத் தாண்டித்தான மேடம் எல்லாம் இங்கிட்டு வருது. அங்கிட்டுத் தாண்டி வர்ற சாமான் அங்கிட்டை விட எப்படிக் கொறையும்? கெழங்கும் கடலையும் மலிவு. பொய் சொல்லக்கூடாது. அதுலதான் ஓடுது."

"ஏன் முதல்லயே எழுதல?"

"மேலிடத்துல நல்லா விசாரிச்சுப் போட்டதுன்னு சொன்னாங்க. அப்புறம் நம்ம என்னத்தச் சொல்றது."

அவர் சொன்ன விலைகளை எழுதிக்கொண்டு போய் வைத்தேன். ஹமீது சார் பென்சிலைத் தாளின் மேல் வைத்தார். "அவன் சொல்றது உண்மையாத்தான் இருக்கும். ஆனா தன் கேஸுக்குத் தானே சாட்சி சொல்றான்னு தள்ளிருவாங்க. சம்பந்தம் இல்லாத ஒரு வாய் வேணும். அந்த ஊர்ல அடுப்பு எரிக்கிற ஆளா இருக்கணும்."

நான்கு நாள் தேடினேன். மதிய இடைவேளையிலும் டியூட்டி முடிந்தும் நைஃபில் ஒவ்வொரு ஹோட்டலாக ஏறி இறங்கினேன். ரிசப்ஷனில் இருக்கும் மலையாளிப் பையன்கள் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்து, "தமாலே மாஃபி சேச்சி" என்று அரபியும் மலையாளமும் கலந்து கைவிரித்தார்கள். கானாவின் வடக்கத்திக்காரர் என்று மூன்று பேரைக் காட்டினார்கள். மூவரும் சின்ன வயதிலேயே அக்ராவுக்குக் குடி வந்தவர்கள். அவர்கள் சொன்ன விலைகளை நான் எழுதிக்கொள்ளவில்லை. ஒருமுறை செய்த தப்பு போதும். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஹமீது சாரும் பள்ளிவாசல் வாசலில் நின்று விசாரித்தாராம். கிடைக்கவில்லை.

ஐந்தாம் நாள் தேராவிலேயே சப்கா பக்கம் ஒரு கார்கோ கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் காயல்பட்டணத்துக்காரர். அவரிடம் வாய் திறப்பதற்கு முன்னால் சுவரோரம் அடுக்கியிருந்த துணி மூட்டைகளில் ஒன்று கண்ணில் பட்டது. கறுப்பு மையில் பெரிதாக ஒரு பெயர், அதன் கீழே தமாலே. ஐந்து நாளும் மனிதர்களையே கேட்டுக்கொண்டிருந்தேன். மூட்டைகளைப் படிக்கத் தோன்றவில்லை.

"அது ஹாஜியாம்மா மூட்டை" என்றார் கடைக்காரர். "மத்தியானம் பணம் கட்ட வருவாங்க. சாயங்காலம் ஃப்ளைட்."

ஆஃபீஸுக்குப் போன் செய்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு வந்தார். வெள்ளை முக்காடு, கனத்த உடம்பு, தடித்த கண்ணாடி. மெக்காவுக்குப் போய் வந்த பெண்களை அந்த ஊரில் ஹாஜியா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நான் தாளையும் பேனாவையும் எடுத்ததும் சந்தேகமாகப் பார்த்தார். "நீ வரி ஆபீஸா?" என்றார் ஆங்கிலத்தில்.

இல்லை, தமாலேயில் ஒரு மனிதன் மாதம் முழுக்கச் சாப்பிட்டு வாழ என்ன ஆகும் என்று தெரிய வேண்டும் என்றேன். மலிவான ஊர் என்று கேள்விப்பட்டதாகவும் சொன்னேன்.

"யார் சொன்னது?"

"குமாசிக்காரங்க."

"எங்க கிழங்கை வாங்கிக்கிட்டுப் போறவங்க" என்றார். "அவங்களுக்கு மலிவுதான்."

தன் மூட்டை மேலேயே உட்கார்ந்து, பக்கத்தில் இன்னொன்றைத் தட்டி என்னையும் உட்காரச் சொன்னார். நான் முதல் வரிசையைக் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார். "மழை முடிஞ்ச மாசத்துக்குக் கேக்குறியா, தூசிக்காத்து மாசத்துக்குக் கேக்குறியா?" என் ஷீட்டில் மாதமே இல்லை. பத்தியை நடுவில் கோடு கிழித்து இரண்டாக்கினேன். தண்ணீர், கேஸ், கரி, அரிசி, எண்ணெய், பால், மீன், வீட்டுக்காரர் கேட்கும் முன்பணம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலை. டின்னா, கிண்ணமா, எந்த அளவு என்று நான் கேட்கக் கேட்க அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. முருகேசன் சொன்ன விலைகளை நான் காட்டவே இல்லை. அவர் சொல்லி முடித்த பிறகு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றிரண்டு தவிர எல்லாம் ஒட்டின. மீன் விலையை முருகேசன்தான் குறைத்துச் சொல்லியிருந்தார்.

பேனாவை மூடிய பிறகு எதற்காகக் கேட்டேன் என்று விசாரித்தார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவருக்காக என்றேன்.

"அந்த இந்தியனா? என் கடை ஃப்ரீசரைச் சரி பண்ணினவன். குடிக்கத் தண்ணி குடுத்தேன். பாதி குடிச்சுட்டு மீதியைத் தன் பாட்டில்ல ஊத்திக்கிட்டான். வெக்கப்பட்டான். நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

அதையும் எழுதினேன், எந்த வரிசையில் எழுதுவது என்று தெரியாமல் தாளின் ஓரத்தில்.

ஜி.எம். முதலாளியின் மருமகன். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. மேசை மேல் ஸ்பீக்கர் போனில் அக்ரா ரீஜனல் மேனேஜர். பழைய ஷீட்டும் புது ஷீட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"ஒரே ஊர், ஒரே வருஷம், ரெண்டு ஷீட். எதை நம்புறது?" என்றார் ஜி.எம்.

ஹமீது சார் பேச வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "பழையது நான் யாரையும் கேக்காம எழுதினது சார். புதுசு அந்த ஊர்ல வாழுற ரெண்டு பேர்கிட்ட தனித்தனியா கேட்டது. ரெண்டாவது ஆளுக்கு நம்ம கம்பெனியோட எந்த ஒட்டும் இல்ல."

"கேக்காம எழுதுறதுக்கா உன்னை வச்சிருக்கோம்?"

புது ஷீட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

ஸ்பீக்கரில் ரீஜனல் மேனேஜர் குரல் வந்தது. குமாசியில் இருப்பவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை, இவன் ஒருத்தனுக்குத்தான் போதவில்லையா என்று கேட்டார்.

"குமாசியில இருக்கிறவன் குமாசிப் படி வாங்குறான்" என்றார் ஹமீது சார். "இவன் குமாசியைத் தாண்டி வர்ற அரிசியை, குமாசியை விடக் கொறஞ்ச படியில வாங்குறான்."

ஜி.எம். எழுந்து சுவரில் இருந்த ஆப்பிரிக்கா வரைபடத்துக்குப் போனார். துறைமுகத்தில் விரலை வைத்து மேலே நகர்த்தினார். குமாசியில் நின்று மறுபடி நகர்த்தினார். அந்த விரல் தமாலேக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிவு தெரிந்துவிட்டது. கேன்சலை நிறுத்தினார். தண்ணீரும் கேஸும் கம்பெனி செலவு. மீதிக்குப் புது ஷீட்டின்படி படி, விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்து. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், அந்த வருட இன்கிரிமென்ட் கிடையாது.

"கடிதத்தை ரெண்டாப் போடுங்க. ஒண்ணு என் பேர்ல" என்றார் ஹமீது சார். ஜி.எம். வேண்டாம் என்றார். அவர் விடவில்லை. பிரியா கேட்ட அந்த வரியை அன்று மாலை அவரே ஆங்கிலத்தில் எழுதி, என்னை டைப் செய்யச் சொன்னார்.

இதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முருகேசனுக்கு என் தப்பு தெரியாது. படியைக் கூட்டிக் கொடுத்த நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் லீவில் ஊருக்குப் போகும் வழியில் துபாயில் இறங்கி, ஆஃபீஸுக்கு வந்தார். ஒரு பை நிறைய நிலக்கடலை கொண்டுவந்திருந்தார். கையில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு நடந்ததைச் சொன்னேன். தமாலே மலிவு என்று எழுதியது நான்தான், யாரையும் கேட்காமல் எழுதினேன் என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று தயாராக இருந்தேன்.

"பத்தாத காசை சம்பளத்துல இருந்து எடுத்தேன்க்கா" என்றார். அன்றுதான் முதல் தடவையாக என்னை அக்கா என்றார். "வீட்டுக்கு அனுப்புறது கொறஞ்சுச்சு. எங்க ஊர்க்காரன் ஒருத்தன் குமாசியில இருக்கான். அவன் பொண்டாட்டி எம் பொண்டாட்டிகிட்ட, தமாலே ரொம்ப மலிவாமே, உன் வீட்டுக்காரருக்கு அங்க என்ன செலவுன்னு கேட்டுருக்கா. அதுல இருந்து இவ போன்ல பேசுறது ஒரு மாதிரி ஆயிருச்சு. அங்க வேற யாரும் இருக்காங்களான்னு ஒருநாள் கேட்டுட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. எனக்கே, நம்மதான் காசைக் கட்டி ஆளத் தெரியாதவன் போலன்னு தோணிருச்சு."

கடலைப் பையை மேசையின் ஓரமாக நகர்த்திவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"இப்ப ஊருக்குப் போறேன். அவ கேக்க மாட்டா, ஆனா மனசுல இருக்கும்" என்றார். "நீங்க எனக்குச் சொன்னதை அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?"

மேசை போனை என் பக்கம் இழுத்தேன். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல அழுத்தினேன். நான்காவது மணியில் எடுத்தார்கள். பெயரைச் சொன்னேன், கம்பெனியைச் சொன்னேன். தன் வீட்டுக்காரருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முருகேசனின் மனைவி பதறினாள். ஒன்றும் இல்லை, என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றேன். பிறகு ஹமீது சாரிடம் சொன்ன மாதிரியே, ஜி.எம்.மிடம் சொன்ன மாதிரியே, முருகேசனிடம் சொன்ன மாதிரியே நான்காவது முறையாகச் சொன்னேன். அந்த ஊர் மலிவு இல்லை. அவருக்குக் குடிக்கிற தண்ணீர்கூட விலை. தப்பாக எழுதியது நான். அவர் ஒரு செலவும் தப்பாகச் செய்யவில்லை.

"குடிக்கிற தண்ணிக்குமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"போனை அவருகிட்ட குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். முருகேசன் இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தார். நான் வெளியே வந்து, கதவைச் சாத்தி, யாரும் உள்ளே போகாதபடி அதன் முன்னால் நின்றுகொண்டேன்.